சிறுநீரகம் வேண்டும் என்று உறவுகளிடம் எப்படிக் கேட்பது?

வேர்நிழல் எழுதியது:

இந்த இழையைத் தொடங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரங்களாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு 44 வயது ஆகிறது. 9 ஆண்டுகளுக்கு முன்பு, வேலைக்காகச் செய்துகொண்ட மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும் கலந்து போவது தெரியவந்தது. ஊசி மூலம் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்து ஐஜிஏ நெஃப்ரோபதி, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டிகளைப் பாதிக்கும் ஒரு நோய் என்று உறுதி செய்தார்கள். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, உப்பைக் குறைத்து, வலி மாத்திரைகளை அறவே விட்டு, இத்தனை ஆண்டுகளைத் தள்ளிவிட்டேன். சென்ற ஆண்டு 24 ஆக இருந்த ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் அளவு, இப்போது 17. அது 15-க்குக் கீழே இறங்கினால் ஐந்தாம் நிலை.

எண்களைவிட உடம்பு சொல்வதுதான் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. காலையில் எழும்போதே வாயில் இரும்பைச் சப்பியது போன்ற ஒரு ருசி இருக்கிறது. முதுகிலும் முழங்காலுக்குக் கீழேயும் இரவில் வரும் அரிப்பு, சொறிந்தாலும் தீர்வதில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும், யாரையோ எதிர்பார்ப்பவன் போலக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

20-க்குக் கீழே வந்துவிட்டதால் மாற்று அறுவை சிகிச்சைக்கான மதிப்பீட்டைத் தொடங்கிவிடலாம் என்றும், டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே உயிருள்ள கொடையாளர் ஒருவரிடமிருந்து சிறுநீரகம் கிடைத்தால் அதுவே எனக்கு மிக நல்லது என்றும் மருத்துவர் சொன்னார். "குடும்பத்தில் பேசிப் பாருங்கள்" என்ற மூன்று சொற்களில் அவர் முடித்துவிட்ட அந்தப் பேச்சுதான் எனக்கு இன்றுவரை வரவில்லை.

ஒருமுறை முயன்றேன். தம்பியும் தங்கையும் வீட்டுக்கு வந்திருந்த நாளில், மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, "உங்களில் யாராவது பரிசோதனை செய்துகொள்ள முடியுமா?" என்று கேட்டேன். தங்கை அழுதாள். தம்பி தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான், பிறகு எடுத்தான், பிறகு மறுபடியும் கவிழ்த்து வைத்தான். "பார்க்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனவன் அதன்பின் என்னை அழைக்கவே இல்லை. என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அவளால் கொடுக்க இயலாது. 20 வயதான என் மகளோ, நான் கேட்காமலே, "அப்பா, நான் தருகிறேன்" என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது.

என் கேள்விகள் இரண்டு. கேட்பது எப்படி? மகள் தருவதை ஒரு தகப்பன் வாங்கிக்கொள்ளலாமா?

பச்சைக்கரை எழுதியது:

வேர்நிழல், நான் கொடுத்தவள். 6 ஆண்டுகளுக்கு முன்பு என் தம்பிக்கு இடது சிறுநீரகத்தைக் கொடுத்தேன். கொடுப்பவர் மனத்தில் என்ன ஓடும் என்பது தெரிந்தால் கேட்பது சற்று எளிதாகலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் தம்பியின் மௌனத்தை மறுப்பு என்று இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தம்பி என்னிடம் சொன்ன அன்று நானும் எதுவும் பேசவில்லை. அச்சம் ஒன்று, அறியாமை அதைவிடப் பெரிது. ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர் வாழ்நாள் முழுவதும் நோயாளியாகவே இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எஞ்சியிருக்கும் ஒன்று தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும் என்பதும், சில மாதங்களில் இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அது ஒன்றே செய்யத் தொடங்கிவிடும் என்பதும் எனக்கு யாரும் சொல்லாத செய்திகள்.

பரிசோதனைகளுக்கு மட்டும் ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், வாங்குபவரின் ரத்தம் கொடுப்பவரின் அணுக்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், சர்க்கரை, இதயம், நுரையீரல், மனநல ஆலோசகருடன் இரண்டு அமர்வுகள், கடைசியில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன். இவற்றுள் எனக்கு மறக்காமல் நிற்பது 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்த அந்த ஒரு நாள்தான். மூடி இறுக்கமான ஒரு பெரிய கேனைக் கொடுத்து, காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப்பின் மறுநாள் காலைவரை ஒரு சொட்டும் வெளியே போகாமல் சேர்க்கச் சொன்னார்கள். நள்ளிரவில் அந்தக் கேனின் பக்கவாட்டில் இருந்த அளவுக்கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், என் உடம்புக்குள் இப்படி ஒரு வேலை ஓயாமல் நடக்கிறது என்பதும், என் தம்பிக்கு அது நின்றுகொண்டிருக்கிறது என்பதும் எனக்கு உறைத்தன. நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்; அவன் கேட்ட நாளில் அல்ல.

அறுவை சிகிச்சை லேப்பராஸ்கோப்பி முறையில் நடந்தது. வயிற்றில் சில சிறு துளைகள், சிறுநீரகத்தை வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குச் சற்று கூடுதலான வெட்டு. விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டை வலித்தது. வயிற்றை விரிப்பதற்காகச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அப்படி வலிக்கும் என்று செவிலியர் விளக்கினார். நான்காம் நாள் வீடு திரும்பினேன். ஆறு வாரங்கள் கனமான எதையும் தூக்கவில்லை. என் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவின் ரத்த அளவு, 0.7-லிருந்து 1.1 ஆகி, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

கடினமான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் எனக்குக் காரணமில்லாத ஒரு துயரம் வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் தம்பியின் கிரியேட்டினினை விசாரித்தார்கள். உடம்பில் நோயே இல்லாமல் அறுவைக்குப் போய்ப் படுத்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு யார் கொடுக்க முன்வந்தாலும், அவரைப் பார்த்துக்கொள்வதற்கென்று தனியே ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மணல்வீடு எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்கு 61 வயது. 5 ஆண்டுகளாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். எனக்கு இரண்டு மகன்கள். இருவரிடமும் நான் கேட்கவில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. இது தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வயதுக்கும் இதயத்தின் நிலைக்கும் கணக்குப் பார்த்து, மருத்துவரோடு பலமுறை பேசி, நானே எடுத்த முடிவு.

டயாலிசிஸ் என்றாலே வாழ்க்கை முடிந்தது என்று இளையவர்கள் அஞ்சுவதைப் பார்க்கிறேன். அதன் கட்டுப்பாடுகள் உண்மையானவைதாம். முந்தைய நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு ஏறத்தாழ அரை லிட்டர்தான் குடிக்கலாம் என்ற கணக்கில், நான் நாவை நனைத்துக்கொண்டு நாளைக் கழிக்கிறேன். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே எடை அதிகம் கூடிவிட்டால், அன்று நீரை இழுக்கும்போது கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும். முடிந்து வந்த மாலையில் எந்த வேலையும் ஓடாது. ஆனால் மறுநாள் நன்றாக இருக்கிறேன், படிக்கிறேன், நடக்கிறேன். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுவைக்க வேண்டும்.

வேர்நிழல், கொடையாளர் வருவார் என்று காத்திருந்து, ஃபிஸ்டுலாவைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் அந்த வழி, ஊசி குத்தும் அளவுக்குத் திடமாக இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை உங்கள் இடது கையில், நீங்கள் எழுதுவது வலது கையானால், யாரையும் ரத்தம் எடுக்க விடாதீர்கள். நான் இதை அறியாமல் இரண்டு கைகளின் சிரைகளையும் கெடுத்துக்கொண்டு, கழுத்தில் குழாயோடு ஏழு மாதங்கள் இருந்தேன். அதில் ஒருமுறை தொற்று ஏற்பட்டு உயிர் போய் வந்தது.

மகளிடமிருந்து வாங்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது என்பது என் எண்ணம்.

விளக்கொளி எழுதியது:

உறுப்புமாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர் நான். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம். உங்கள் மருத்துவக் குழு சொல்வதற்கு மாற்று அல்ல.

முதலில் கேட்கும் முறை. நீங்கள் செய்தது எல்லாரும் செய்வதுதான்: ஒரே அறையில், எல்லாரும் பார்க்க, நோயாளியே நேராகக் கேட்பது. அந்த இடத்தில் "சரி" என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலையும் ஒருவரால் கண்ணியமாகச் சொல்ல முடியாது. ஆகவே பலர் பதிலே சொல்லாமல் விலகிவிடுகிறார்கள். சிறுநீரகத்தைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் நிலையைச் சொல்லுங்கள். என்ன நோய், எவ்வளவு இறங்கியிருக்கிறது, அடுத்து என்ன நடக்கும், உயிருள்ள கொடை என்றால் என்ன, அதுபற்றி அறிய யாரை அழைக்க வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள். அதையும் நீங்களே சொல்லாமல், உங்களை நன்றாக அறிந்த ஒருவர் உங்களுக்காகச் சொன்னால் இன்னும் நல்லது. அவரிடம் மற்றவர்கள் தங்கள் அச்சத்தைத் தயங்காமல் கேட்பார்கள், மறுப்பையும் தயங்காமல் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், கொடையாளர்களில் எத்தனையோ பேர் நோயாளி மனத்தில் குறித்துவைத்திருந்த பட்டியலில் இல்லாதவர்கள்.

அடுத்து, கொடுக்க முன்வருகிறவர் மருத்துவக் குழுவோடு பேசுவது அவருக்கும் குழுவுக்கும் இடையிலான செய்தி. முறையாக நடக்கும் மையங்களில், கொடையாளரின் நலனை மட்டுமே பார்க்கும் ஒரு மருத்துவரோ ஆலோசகரோ தனியாக இருப்பார். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை கொடையாளர் விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினால், "இவர் கொடையாளராவதற்கு ஏற்றவர் அல்லர்" என்ற ஒரு வரியைத்தான் நோயாளிக்குச் சொல்வோம், காரணம் சொல்லமாட்டோம்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய 90 நாள்களில் கொடையாளர் இறக்கும் வாய்ப்பு 10,000 பேருக்கு ஏறத்தாழ 3 என்று கண்டார்கள். பிந்தைய ஆண்டுகளின் கணக்கில் அது 10,000-க்கு 1-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, கொடுத்து 15 ஆண்டுகளுக்குள் கொடையாளருக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு 10,000 பேருக்கு ஏறத்தாழ 31. அவர்களைப் போலவே நலமாக இருந்து கொடுக்காதவர்களிடம் அது ஏறத்தாழ 4. சிறிய எண்தான்; ஆனால் கூடுகிறது என்பதைக் கொடையாளர் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மகள். மணல்வீடு ஐயா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் அவ்வளவு விரைவாக முடிக்கமாட்டேன். மகள் வயது வந்தவர், அவருக்கென்று ஒரு மனம் உண்டு, அதை அவமதிக்கக் கூடாது. ஆனால் 20 வயதில் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருப்பதால் மட்டும், அடுத்த 60 ஆண்டுகளில் அவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வராது என்று சொல்ல முடியாது. அவருடைய தாய்க்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சில குடும்பங்களில் ஐஜிஏ நெஃப்ரோபதி ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதும் உண்டு. கொடுத்த பெண்கள் பின்னர் கருவுறும்போது ரத்த அழுத்தச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் அது 5 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்குப் பேறு நலமாகவே முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இவ்வளவையும் உங்கள் மகளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், கொடையாளருக்கான மருத்துவர். அதற்கு முன்னால் மற்ற எல்லாக் கதவுகளையும் தட்டிப் பாருங்கள்.

தூரிகை எழுதியது:

நான் இங்கே இதுவரை எதுவும் எழுதியதில்லை. இந்த இழையில் கொடுத்தவர் எழுதிவிட்டார், கேட்காதவரும் எழுதிவிட்டார். நான் மறுத்தவள்.

என் அண்ணன் என்னிடம் கேட்டபோது எனக்கு இரண்டு சிறு குழந்தைகள், வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்தவர். முடியாது என்று சொல்ல நா எழவில்லை, முடியும் என்று சொல்லவும் இல்லை. பரிசோதனைக்குப் போனேன். ரத்தப் பிரிவு பொருந்தியது என்று சொன்ன அன்று அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது முறை போனபோது, தனியறையில் ஓர் ஆலோசகர், "இதை யாருக்காகச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் அழுத அழுகையை அவர் புரிந்துகொண்டார். விளக்கொளி சொன்ன அந்த ஒரு வரிதான் என் அண்ணனுக்குப் போனது.

பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்து, அண்ணனுக்கு இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் கிடைத்து அவர் நலமாக இருந்தபோது, நானே உண்மையைச் சொன்னேன். "தெரியும்" என்றார். தெரிந்தும் என்னிடம் ஒருநாளும் முகம் கோணாமல் இருந்திருக்கிறார். வேர்நிழல் அவர்களே, உங்கள் தம்பி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து வைத்து எடுத்தார் என்று படித்ததும் நான் என்னையே பார்த்தேன். அவருக்கு "முடியாது" என்று சொல்ல ஓர் இடம் கொடுங்கள். சொல்ல இடமில்லாதவர்கள்தாம் வராமல் போய்விடுகிறார்கள்.

வேர்நிழல் எழுதியது:

தூரிகை, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். நன்றி என்ற சொல் போதாது. நான் தம்பியின் மீது கோபமாக இருந்தேன் என்பதை எனக்கே இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

விளக்கொளி அவர்களிடம் ஒன்று. என் ரத்தப் பிரிவு ஓ. என் நெருங்கிய உறவினர்களில் பலர் பி, எனக்குப் பொருந்தாத பிரிவு. அவர்களிடம் பேசிப் பயனில்லை என்றுதானே பொருள்?

கார்முகில் எழுதியது:

பயனுண்டு என்பதற்கு என் வீடே சான்று என்பதால் நான் பதில் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு நான் கொடுக்க முன்வந்தேன். எங்கள் ரத்தப் பிரிவு ஒன்றுதான். இருந்தும் கிராஸ்மேட்ச் பொருந்தவில்லை. அவளுடைய ரத்தத்தில் என் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. மூன்று முறை கருவுற்றபோது குழந்தைகள் வழியாக என் திசுக்கூறுகளை அவள் உடம்பு அடையாளம் கண்டு, எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று விளக்கினார்கள். பிள்ளைகளைப் பெற்றதே தடையாகிவிட்டதே என்று அவள் உடைந்து போனாள். ரத்தம் ஏற்றிக்கொள்வதாலும் இத்தகைய எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். ஆகவே சோகைக்கு ரத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், மாற்று அறுவைக்குக் காத்திருப்பதை அவர்களிடம் சொல்லி, ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி போதுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

எங்களுக்கு வழி திறந்தது ஸ்வாப் முறையில், அதாவது இணைகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில். எங்களைப் போலவே பொருந்தாத வேறோர் இணையின் கொடையாளர் என் மனைவிக்குப் பொருந்தினார்; நான் அந்த நோயாளிக்குப் பொருந்தினேன். தென் கொரியாவில் 1991-லேயே இப்படிச் செய்தார்கள். பிறகு பல இணைகளைச் சங்கிலியாகக் கோக்கும் கணக்கீட்டு முறைகளை வகுத்ததில் பெரும்பங்கு ஆற்றிய ஆல்வின் ராத்துக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. நான்கு அறுவைகளும் ஒரே காலையில் தொடங்கின. ஒருவர் வாங்கிக்கொண்ட பிறகு மற்றவர் பின்வாங்கிவிடாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. என் சிறுநீரகம் யாரிடம் இருக்கிறது என்பது எனக்கு முதல் ஓராண்டு தெரியாது. விடிகாலையில் தூக்கம் கலையும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத மனிதர் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

ரத்தப் பிரிவே ஒவ்வாவிட்டாலும், பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருள்களை நீக்கிவிட்டுச் செய்யும் முறையும் பல மையங்களில் உண்டு. ஓ பிரிவு நோயாளிக்கு ஸ்வாப்பில் இணை கிடைப்பது மற்றவர்களைவிடக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் பி பிரிவு உறவினர் ஒருவர் முன்வந்தால், அது பயனற்றது என்று நீங்களே முடிவு கட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இழைக் கண்காணிப்பாளர் எழுதியது:

"இரண்டு வாரத்தில் கொடையாளரை ஏற்பாடு செய்கிறேன்" என்று தொலைபேசி எண்ணோடு வந்த பதிவு நீக்கப்பட்டது. ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். தனிச்செய்தி யாருக்கேனும் வந்திருந்தால் பதில் எழுதாமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

மணல்வீடு எழுதியது:

எனக்கும் அந்தச் செய்தி வந்தது. டயாலிசிஸ் நிலையத்தில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருவர் அத்தகைய தரகரை நம்பிப் பணத்தையும் இழந்து, சரியாகப் பரிசோதிக்காமல் வைத்த சிறுநீரகத்தால் கடும் தொற்றோடு ஐந்து மாதத்தில் திரும்பி வந்தார். கொடுத்தவர் என்ன ஆனார் என்று அவருக்கே தெரியாது. இந்த நோயில் நம்பிக்கை இழந்த நாள்கள் வரும், அந்த நாள்களில்தான் இவர்கள் வருவார்கள்.

விளக்கொளி அவர்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்தேன். என் மூத்த மகனிடம் இதை வாசித்துக் காட்டினேன். "நீங்கள் கேட்கவே இல்லையே அப்பா, என்னிடமும் சொல்லவில்லையே" என்றான். கேட்காமல் இருந்தது சரி என்று இன்னமும் நினைக்கிறேன். சொல்லாமல் இருந்தது சரியில்லை.

பத்தாம்ஆண்டு எழுதியது:

மாற்றுச் சிறுநீரகத்தோடு 10 ஆண்டுகளாக வாழ்கிறேன். என் அம்மா கொடுத்தது.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில், ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்ததுதான் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று. இருவரும் ஒரே கருவில் உருவானவர்கள் என்பதால் உடம்பு எதிர்க்கவில்லை. ரிச்சர்ட் மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 2010 வரை, 79 வயது வரை வாழ்ந்தார். சந்தேகம் வரும்போதெல்லாம் இதை அம்மாவிடம் சொல்வேன். நமக்கு அப்படி ஓர் இரட்டையர் இல்லாததால் மாத்திரைகள் வேண்டும். டாக்ரோலிமஸ் காலை 9, இரவு 9. ஒரு வேளை தவறினாலும் மனம் நிலைகொள்ளாது.

இது நோயிலிருந்து முழு விடுதலை அன்று என்பதை வாங்குபவரும் கொடுப்பவரும் முன்பே அறிந்திருப்பது நல்லது. உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகம் சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும் என்கிறார்கள்; சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். ஐஜிஏ நெஃப்ரோபதி புதிய சிறுநீரகத்திலும் திரும்ப வரலாம் என்பதால், வேர்நிழல், அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் விரிவாகக் கேளுங்கள், கொடுக்க வருகிறவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

நான்காம் ஆண்டில் எனக்குச் சிறுநீரக நிராகரிப்பு வந்து கிரியேட்டினின் 1.3-லிருந்து 2.9-க்கு ஏறியது. உடம்பைவிட அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயந்தேன். அவர் கொடுத்ததை நான் பாழாக்கிவிட்டேன் என்ற எண்ணம் உறங்கவிடவில்லை. அம்மா மருத்துவமனைக்கு வந்து, என் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில், சிறுநீரகம் இருக்கும் அந்த மேட்டின் மீது கையை வைத்து, "இது உன்னுடையது. போனாலும் உன்னுடையதுதான் போகிறது" என்றார். ஸ்டீராய்டு ஊசிகளில் அது அடங்கியது, இன்று 1.7-இல் நிற்கிறது.

வேர்நிழல் எழுதியது, நான்கு மாதங்களுக்குப் பிறகு:

என் பள்ளி நண்பன் ஒருவன் எனக்காகப் பேச ஒப்புக்கொண்டான். இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். நான் எழுதிய முதல் வரைவில் "உதவுங்கள்" என்ற சொல் ஐந்து இடங்களில் இருந்தது, அவன் ஐந்தையும் அடித்துவிட்டு, "அவருக்குச் சிறுநீரகம் 17 விழுக்காடு அளவில்தான் வேலை செய்கிறது. இதைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறவர்கள் என்னையோ ஒருங்கிணைப்பாளரையோ அழைக்கலாம். அழைத்தவர் யார் என்பது அவருக்குத் தெரியாது" என்று எழுதினான். உறவினர், நண்பர், பழைய சக பணியாளர் என்று நாற்பது பேருக்கு அது போயிற்று.

தம்பி நண்பனிடம் சொல்லிவிட்டான். அவனால் முடியாது. அறுவை என்றாலே அவனுக்குச் சிறு வயதிலிருந்து அச்சம், அவன் மனைவிக்கும் விருப்பமில்லை. நண்பன் இதை என்னிடம் சொன்ன மறுநாள் தம்பியே வாசலில் வந்து நின்றான். சொல்லிவிட்டான் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. போன மாதம் இடது கையில் ஃபிஸ்டுலா அமைக்க என்னை அழைத்துப் போனது அவன்தான். கட்டுப் பிரித்த பிறகு அவனுடைய விரலைப் பிடித்து மணிக்கட்டின் மேல் வைத்தேன்; தோலுக்கு அடியில் ரத்தம் விர்ரென்று, வண்டு சிறகடிப்பது போல ஓடியது. அவன் விரலை எடுக்காமல் நெடுநேரம் வைத்திருந்தான்.

மகள் கொடையாளருக்கான மருத்துவரைத் தனியாகச் சந்தித்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. "இப்போதைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள், மற்றவர்களைப் பார்த்துவிட்டு" என்று அவளே சொன்னாள்.

கடிதம் போன பிறகு ஒருங்கிணைப்பாளரை மூன்று பேர் அழைத்திருக்கிறார்கள். இருவர் ஏற்றவர்கள் அல்லர் என்று ஒரு வரியில் செய்தி வந்தது. மூன்றாமவர் பரிசோதனையில் இருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் பார்க்கிறவர்கள் எல்லாருடைய முகத்திலும் தேடிக்கொண்டிருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன். ஈஜிஎஃப்ஆர் 14. அந்த மூன்றாமவருக்கு கிராஸ்மேட்ச் 18-ஆம் தேதி என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். என் ரத்தமும் அன்று காலையில் எடுக்கிறார்கள், வலது கையில்.